கிணற்றடியில் கிடந்த சாட்சி

கபீருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் கத்துவார். கத்தும்போது கண்ணாடி தெறித்து உடைந்ததிலிருந்து அந்தப் பழக்கம். பெரியபட்டினத்துக்காரர், ராமநாதபுரத்தில் வக்கீல் குமாஸ்தா. அதே ஆபீசில் டைப்ரைட்டரைத் தட்டிக்கொண்டு பதினோரு வருஷம் அவரோடு குப்பை கொட்டியவன் நான், தனுஷ்கோடி. நானும் லேசுப்பட்டவன் இல்லை. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் அவருக்கு வந்த கோபத்தை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளக் கூலிக்காரி பூமயில், ஊர்க் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் மொண்டுவிட்டாள். அவ்வளவுதான் குற்றம். அந்த வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் அந்த ஒரு கிணற்றில் மட்டும். அவளுடைய தெருக்காரர்கள் தள்ளி நின்று, யாராவது மனமிரங்கி ஊற்றினால் வாங்கிக்கொள்ள வேண்டும். நிலக்காரர் சேதுராமன், கிணறு தன் சொந்தம், இவர்கள் கிட்டே வரக்கூடாது என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். பூமயிலுக்கு எங்கள் வக்கீல்.

கபீர் அரசியல் சட்டப் புத்தகத்தைப் பிரித்து, பதினைந்தாவது ஷரத்தில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். சர்க்கார் பணத்தில் பராமரிக்கிற கிணறோ, பொதுமக்களுக்கென்று விட்ட கிணறோ, அதில் சாதியைச் சொல்லி எவனையும் தடுக்கக்கூடாது.

"சட்டம் இந்தா இருக்குலே, தனுஷ்கோடி. அந்தக் கெணத்த எவன் காசுல வெட்டுனான்னு மட்டும் காட்டிட்டா போதும்" என்றார்.

அதைக் காட்டத்தான் நாலு மாதம் அலைந்தார். பழைய ஜில்லா போர்டு தீர்மானங்கள், கெஜட்டுகள், கண்ட்ராக்டர் காகிதங்கள் என்று எந்த ஆபீஸ் காகிதக் கட்டையும் விடவில்லை. ஒரு ரெக்கார்டு அறையில் "நாளைக்கு வாங்க" என்றே பன்னிரண்டு தடவை சொன்னார்கள். பதின்மூன்றாவது தடவை கட்டை எடுத்துக் கொடுத்தான் ஒரு புண்ணியவான். வேண்டிய வருஷத்துத் தாள்கள் மட்டும் பிளேடால் நறுக்கியதுபோல் இல்லை.

"கரையான் அரிச்சிருக்கும் பாய்."

"கரையான் ஸ்கேல் வச்சு அரிக்குமாடா?" என்று கபீர் கேட்ட கேள்வி தெருவரைக்கும் கேட்டது. நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஆபீசுக்கு வந்தும் அடங்கவில்லை. கண்ணாடி மேஜைக்குப் போய்விட்டது. "போர்டு வெட்டுன கெணறுன்னு ஒத்த எழுத்து, ஒரே ஒத்த எழுத்து இந்த ஜில்லாவுல இல்லாமப் போச்சா!" என்று குதித்தார். அடுத்த வாய்தா தேதி கேட்டுப் போக வந்த பூமயில் வாசலில் நின்றிருந்தாள்.

"எழுத்தா? கெணத்துக்குள்ள ஒரு கல்லுல எழுதிக் கெடக்கே பாய்" என்றாள்.

கபீர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மேல சுவத்துல பதிச்சிருந்த கல்லு. சுவரு எடுத்துக் கட்டயில உள்ள தள்ளிவிட்டுட்டாக. வருசா வருசம் சித்திரையில தூர் வார எங்காளுகதான எறங்குறோம். அதுமேல நின்னுதான் சேத்த அள்ளிக் கொடுப்போம்."

"நாலு மாசமா ஏன் தாயி சொல்லல?"

"நீங்க காகிதம் இருக்கான்னுல்ல கேட்டீக."

ஆம், கூத்துதான். தண்ணீர் மொள்ளத் தொடக்கூடாதவர்கள்தான் அந்தக் கிணற்றுக்குள் இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று அதைச் சுத்தம் செய்வார்கள். ஏறி வந்ததும் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழிப்பார்கள். அப்புறம் மறு சித்திரைவரை எட்டி நில். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிணற்றைச் சோதிக்கக் கோர்ட்டிலிருந்து ஒரு கமிஷனரை அனுப்பும்படி கபீர் மனுப் போட்டார். மனுவின் நகல் எதிர்த்தரப்புக்கும் போகுமில்லையா, போனது. மூன்றாம் நாள் காலை பூமயிலின் புருஷன் மூக்கையா இருபது மைலுக்குமேல் ராவோடு ராவாக நடந்து வந்து, பெரிய சம்மட்டி ஒன்றைக் கபீரின் மேஜைமேல் வைத்தான்.

"சேதுராமனய்யா கொடுத்துவிட்டாரு. எறங்கி அந்தக் கல்ல ஒடைச்சிரணுமாம். ரெண்டு மரக்கா நெல்லு தாராராம்."

அவர் வேறு யாரை அனுப்புவார்? அந்தக் கிணற்றில் இறங்க மூக்கையாவின் ஆட்களை விட்டால் நாதி இல்லை. வழக்கே அவன் பெண்டாட்டி மேல்தான். ஆனாலும் காலங்காலமாகச் சொன்னதைச் செய்த கை, இதையும் செய்துவிடும் என்று நம்பினார் பாருங்கள், அந்தத் திமிரை என்ன சொல்ல!

கமிஷனர் வந்தார். அவர் கண்முன்னே மூக்கையா இறங்கிக் கல்லில் கயிறு கட்டினான், மேலே இழுத்தார்கள். கோர்ட்டில் சேதுராமன் கூண்டேறியபோது, கபீர் எழுதிக் கொடுத்த கேள்வியை வக்கீல் கேட்டார்: "தண்ணீர் மொண்டால் தீட்டு. கல்லை உடைக்க இறங்கினால் தீட்டு இல்லையா?"

"மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கிருவோம்" என்றார் சேதுராமன், கொஞ்சமும் கூசாமல்.

வழக்கு தள்ளுபடி ஆனது. கல்லைப் பழைய இடத்திலேயே பதித்தார்கள். அன்று கபீரும் நானும் போயிருந்தோம். பூமயில் குடத்தோடு நின்றாள்.

"என்ன எழுதியிருக்கு பாய், வாசிங்க."

கபீர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். "ஜில்லா போர்டுக் கிணறு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. சகல ஜாதியாருக்கும் பொது."

பூமயில் குடத்தை இறக்கவில்லை. சுற்றி நின்ற ஊர்க்காரர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள்.

"இந்தக் கல்லு மேலதான இருந்துச்சு? நீங்கல்லாம் பள்ளிக்கூடம் போனவுகதான? தண்ணிக்கு வரும்போதெல்லாம் வாசிச்சுக்கிட்டேதான மொண்டீக?"

கபீரின் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. "நீங்க சும்மா இருங்க பாய், இது நான் கேக்க வேண்டியது" என்று சொல்லிவிட்டு, ஊர்க்காரர்களின் பதிலுக்காக அவள் அங்கேயே நின்றாள்.