குறையில்லை என்று எழுதியவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘குறையில்லை’. நேரில் சார் என்போம். முதுகுக்குப் பின்னால் இதுதான். மாற்றுத்திறனாளிகளுக்காக அரசு மானியத்தில் நடக்கும் காப்பகங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் ஆய்வாளர். முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம். கடைசிக் கேள்வி, ‘காணப்பட்ட குறைகள் என்ன?’ அதற்கு இருபத்தோரு வருடமாக அவர் எழுதிய பதில் அந்த ஒரே சொல். அவர் அறிக்கைகளைக் கோப்பில் சேர்த்து, அடுத்த வருடம் எந்தக் காப்பகத்துக்கு எவ்வளவு என்று மதிப்பீடு தயாரிக்கும் பட்ஜெட் பிரிவில் நான் குமாஸ்தா.

காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா, நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். உண்மை வேறு. ஆய்வாளரான புதிதில் மனுஷன் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். ஆற்றோரக் காப்பகத்தில் இரவில் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்று. துறை ஆள் போடப் பணம் தரும் என்று நம்பினாராம், அப்பாவி. துறையோ, விதியை மீறிவிட்டார்கள் என்று மூன்று மாத மானியத்தை நிறுத்தி வைத்தது. அடுத்த முறை போனபோது அங்கே பால் இல்லை, சோப்பு இல்லை. காப்பாளர் அம்மாள் காலில் விழாத குறையாக, “நீங்க எழுதின ஒரு வரியில இதுங்க வயித்துல அடிச்சிட்டீங்களே சார்” என்று அழுதிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த சொல்லை அவர் பிறகு விடவில்லை.

அவருக்கு ஒரு தங்கை. நாற்பத்தாறு வயது. பிறந்ததிலிருந்து நடந்ததில்லை, பேசியதில்லை. அண்ணனைப் பார்த்தால் மட்டும் சிரிப்பாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர் மனைவிதான். நாத்தனாரைப் பெற்ற பிள்ளை போலப் பார்த்த அந்த அம்மாள் போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பிள்ளை குட்டி கிடையாது. தங்கையைக் கொண்டுபோய் அதே ஆற்றோரக் காப்பகத்தில் சேர்த்தார்.

இரண்டே மாதம். தங்கையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். ராத்திரியிலும் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். யார் புரட்டுவது? முப்பத்து நாலு பேர் படுத்திருக்கும் அந்த வீட்டில் ராத்திரி இருப்பது சமையல்கார அம்மாள் மட்டும்தான். அவரும் பகலெல்லாம் வெந்து, படுத்தால் கட்டையாகத் தூங்குகிறவர்.

சார் என் மேசைக்கு வந்து நின்றார்.

“ஏம்மா, ஆத்தோரத்துக்கு இந்த வருஷம் மானியத்தக் கூட்டிப் போடு. ராத்திரிக்கு ரெண்டு ஆள் வேணும்.”

“காரணம் என்னன்னு எழுதட்டும் சார்?”

“ஆள் இல்ல.”

கோப்பை எடுத்து அவர் முன்னால் போட்டேன். ‘இரவுப் பணியாளர் இருவர் உள்ளனர்.’ எல்லா வருடமும் அவர் கையெழுத்து.

“பழைய தொகையிலயே எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இத வெச்சுத்தான் சார் பதினாலு வருஷமா நிதித்துறையில பைசா ஏத்த மாட்டேங்குறாங்க.”

“இந்தத் தடவ இல்லன்னு எழுதிடறேன்.”

“எழுதுங்க. உடனே மானியத்த நிறுத்துவாங்க. இத்தன வருஷம் இருந்த ரெண்டு பேரும் எங்க போனாங்கன்னு உங்களையும் கேப்பாங்க. அதுக்குள்ள அங்க முப்பத்தி நாலு பேரு பட்டினி.”

கறாராகத்தான் சொன்னேன். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தார். அப்போதாவது நான் குரலைத் தாழ்த்தியிருக்கலாம்.

இயக்குநருக்கு மனு போட்டார். ‘ஆய்வறிக்கைகளின்படி குறை ஏதும் இல்லாததால் கோரிக்கை ஏற்கப்படவில்லை’ என்று பதில் போனது. தட்டச்சு செய்தவள் நான். மறுமாதம் அவர் ஓய்வு பெற்றார். போகும் முன் எழுதிய கடைசி அறிக்கையிலும் குறையில்லை.

அவர் இடத்துக்கு வேறு ஊரிலிருந்து மாற்றலில் ஒரு பெண் வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். காலையில் போனால் ராத்திரி ஆளை எப்படிப் பார்ப்பது என்று விளக்கு வைக்கும் நேரத்தில் கிளம்பினார். வழி காட்ட என்னையும் கூட்டிக்கொண்டார். இந்த அம்மாளாவது ஒரு வழி பண்ணுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

உள்ளே போனால், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் நிற்கிறார். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து சாயங்காலம் வந்து விடியும் வரை இருக்கிறாராம். தங்கையைப் புரட்டிவிட்டு, கையோடு பக்கத்துக் கட்டில்களையும். அறுபது வயதில் எத்தனை பேரைத் தூக்க முடியும்? ஏழெட்டுப் பேர். அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் படுத்தது படுத்தபடிதான்.

“நீங்க யாரு?” என்றார் புது ஆய்வாளர்.

காப்பாளர் அம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. சார் என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து, நாலு பேரிடம் வம்பளந்த என் வாய் ஒட்டிக்கொண்டது.

“நைட் டூட்டி ஆளு மேடம்” என்று அவரே சொன்னார்.

“ரெண்டு பேர் இருக்கணுமே?”

“இன்னொருத்தர் லீவு மேடம்.”

புது ஆய்வாளர் முதல் வரிசைக் கட்டில்களைப் பார்த்தார். விரிப்பு வெள்ளையாக இருந்தது, புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. அவருக்குத் திருப்தி. படிவத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

“நல்லா பாத்துக்கறீங்க. ஏதாவது வேணும்னா சொல்லுங்க, எழுதிடறேன்.”

அப்போது சார் தன் தங்கையை ஒருக்களித்துப் பிடித்திருந்தார். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாரத்தில் அவர் முழங்கை வெடவெடவென்று ஆடியது.

“ஒண்ணும் வேணாம் மேடம்” என்றார்.

அந்த வருடமும் பழைய தொகையைத்தான் எழுதினேன்.