தட்டிப் பார்த்துக் கால் வைப்பவர்

கைத்தடியின் நுனியால் அடுத்த டைல்ஸை இரண்டு முறை தட்டுகிறார். ‘டிக், டிக்’ என்று கெட்டியாகக் கேட்டால் இடது காலை எடுத்து வைக்கிறார். ‘டொப்’ என்று கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த டைல்ஸைச் சுற்றிக்கொண்டு போகிறார். கட்டிலிலிருந்து கூடத்து நாற்காலி வரை பதினேழு டைல்ஸ். அதைக் கடக்கப் பத்து நிமிடம் ஆகிறது. போய் உட்காரும்போது சட்டையின் முதுகுப்பக்கம் நனைந்திருக்கும்.

“ஒட்டினதே நீங்கதானே. உங்க வேலை மேலயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பாள்.

“நான் ஒட்டினதுதான். அதனாலதான் பயமே.”

நாற்பத்தோரு வருடம் தரை போட்டவர் அவர். கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ரசமட்டம். தரை மட்டம் பார்க்கும் அந்தக் கருவி சட்டைப்பையில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு விருந்துக்குப் போன இடத்தில் மேசைமேல் அதை வைத்து, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாராம். குமிழ் ஓரமாக நின்றதால் குழம்பை இலையின் மறுபக்கம் ஊற்றச் சொன்னாராம். இதை அவர் மறுப்பதில்லை.

விழுந்தது சொந்த வீட்டுக் குளியலறையில். யாரோ பணக்காரர் வீட்டு வேலையில் மிச்சமான வெள்ளை டைல்ஸ் அது. ஒட்டிய அன்றே மனைவி, “வழவழன்னு இருக்குங்களே” என்றாள். “பளபளன்னு இருக்குன்னு சொல்லிப் பழகு” என்றார். பதினோரு வருடம் கழித்து அதே டைல்ஸில் இடது இடுப்பெலும்பு முறிந்தது. அவள் கடைக்குப் போய்த் திரும்பும்வரை கன்னம் தரையோடு கிடந்தது. “அரை மணி நேரம் கண்ணுக்கு நேரா இருந்தது ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல இருக்குற இடுக்குதான். வெள்ளை சிமென்ட் ரெண்டு இடத்துல விட்டுப்போயிருந்துச்சு. எழுந்திருச்சதும் அடைச்சுடணும்னு நினைச்சேன்” என்று வந்து விசாரிப்பவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர்கள் போன பிறகு சிரிப்பு இருக்காது. “தரைன்னா சும்மா படுத்துக் கிடக்குற சாமான்னு நினைச்சிட்டேன். அது காத்துக்கிட்டிருக்கு” என்பார் மனைவியிடம் மட்டும்.

எலும்பு கூடிவிட்டது. தகடும் திருகாணிகளும் உள்ளே ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. கூடாதது நடைதான். ஆஸ்பத்திரியின் நடைப்பயிற்சிக் கூடத்தில் இரண்டு கணுக்கால்களிலும் கட்டிக்கொள்ள இரண்டு பட்டைகள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. கால் சரியாக உயராவிட்டாலும், எடுத்து வைக்கும் எட்டு குட்டையானாலும் அந்தப் பக்கத்துக் கருவி அதிரும். வாரம் முழுக்க அவர் நடந்த ஒவ்வொரு எட்டையும் பதிந்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை பயிற்சிக்குப் போகும்போது போட்டுக்கொடுக்கும்.

அதற்கு அவர் வைத்த பெயர் குளவி. குளவி கொட்டினால் அவர் நின்றுவிடுவார். நின்றால் பயம் வரும். பயந்து வைக்கும் எட்டு இன்னும் குட்டையாகும். குளவி மறுபடி கொட்டும். கூடத்தின் நடுவில், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத ஒன்பதாவது டைல்ஸில், இப்படி அவர் அசையாமல் நின்றுகொண்டு, “ஏம்மா… ஏம்மா…” என்று கூப்பிடுவார். மனைவி வந்து தன் வலது தோளைக் கொடுப்பாள். அதைப் பிடித்தபடி மீதித் தூரம் நடப்பார்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். “எட்டு வைக்கிறதுக்கு எழுபது வயசுல டீச்சர் வேணும்னு இருக்கு, என்ன பண்றது?” முதல் திங்கட்கிழமை டீச்சர் கணினியைத் திருப்பிக் காட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு.

“ஐயா, இப்படியே போனா தங்கிப் பயிற்சி எடுக்கிற விடுதிக்கு எழுதித்தான் ஆகணும். ஆறு வாரம்.”

அந்த விடுதியின் தரையைப் போட்டது அவர்தான். வாசலிலிருந்து கழிப்பறை வரை, வழுக்குகிற அளவுக்கு மெருகேற்றிய கருங்கல். வேலை முடிந்த அன்று குனிந்து பார்த்து அதில் தன் மீசையைச் சரிசெய்துகொண்டவர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் பட்டைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

“இதைக் கொஞ்சம் உன் கால்ல கட்டிக்கோயேன்.”

“ஏன், என் காலுக்கு என்ன கேடு?”

“ஒரு கேடும் இல்ல. அதனாலதான் கேக்குறேன்.”

அவள் முதலில் முடியாது என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பட்டைகள் சேலைக் கரைக்குள் மறைந்தன. அவள் கடைக்குப் போனாள், மொட்டைமாடிக்குத் துணி உலர்த்த ஏறினாள், பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு நாளைக்கு நாலாயிரம் எட்டு நடந்தார். “இன்னைக்கு எங்கெல்லாம் போனேன்?” என்று சாயங்காலம் கேட்பார். “காய் வாங்கப் போனீங்க. கத்தரிக்காய் சொத்தையா இருக்குன்னு சண்டை போட்டீங்க” என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இடையில் ஒருநாள் அவள், “எனக்கும் கொட்டுதுங்க. வலது கால்ல” என்றாள்.

“அளவு என் காலுக்கு வச்சது. உனக்குச் சும்மா கொட்டும். விடு.”

அவளும் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமைகளில் மட்டும் பட்டைகள் அவர் காலுக்குத் திரும்பும். இரண்டாவது திங்கட்கிழமை டீச்சர் அவசரத்தில் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே ஐயா!” என்றாள். மூன்றாவது திங்கட்கிழமை அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையைப் பிடித்தபடி மனைவி பக்கத்தில் நின்றாள்.

“அறுவை பண்ணினது இடது பக்கம்தானே ஐயா? இடது கால் நல்லாத்தான் இருக்கு. வலது கால்தான் இழுத்துக்கிட்டு வருது. இருநூறு எட்டு தாண்டினா நுனிவிரல் தரையில தட்டுது. போன வாரம் பதினாலு தடவை. இந்த வாரம் முப்பத்தொண்ணு.”

“அது… கருவி ஏதாவது…”

“கருவி சரியா இருக்கு. வியாழக்கிழமை காலையில மாடிப்படியில என்ன ஆச்சு? ஏறிக்கிட்டே இருந்தவர் திடீர்னு சறுக்கி நின்னிருக்கீங்க. அப்புறம் ஆறு நிமிஷம் அசைவே இல்ல. உக்காந்துட்டீங்களா?”

அவருக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை காலையில் அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துணி வாளியோடு மாடிக்குப் போனவள் வரத் தாமதமாகியிருக்கிறது. காபிக்கு ஒரு குரல் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“பயமுறுத்துறதுக்காகச் சொல்லலை ஐயா. இப்படி நடக்கிறவங்க அடுத்தது விழத்தான் செய்வாங்க. எப்போன்னுதான் தெரியாது.”

அவருக்கு வெள்ளை டைல்ஸ் தெரிந்தது. சிமென்ட் விட்டுப்போன இடுக்கு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் கிடந்த கன்னம் அவருடையதாக இல்லை. கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறக்க அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. அவர் கட்டிலிலிருந்து எழுந்து கூடத்துக்குப் போய்ச் சேரவே பத்து நிமிடம் ஆகும். குளியலறை அதற்கும் அப்பால்.

விடுதியின் கருங்கல்லும் ஒரு கணம் கண்முன் வந்து போனது.

“டீச்சர்,” என்றார். “அது என் கால் இல்ல.”

டீச்சர் அவரைப் பார்த்தாள். பிறகு, நின்றுகொண்டிருந்தவளின் செருப்பைப் பார்த்தாள். வலது செருப்பின் முனை மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது.

“அம்மா, எத்தனை நாளா இப்படி?”

“ஒண்ணும் இல்லம்மா. முட்டி கொஞ்சம் பிடிச்சுக்குது, அவ்வளவுதான்.”

“வியாழக்கிழமை விழுந்தியா?” என்றார் அவர்.

“விழலை. கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்.”

“சொல்லலையே நீ.”

“சொல்லியிருந்தா என் தோளைப் பிடிப்பீங்களா?”

டீச்சர் எழுந்தாள். கோபமாக இருக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“விடுதிக்கு எழுதிடுவீங்களா டீச்சர்?”

“உங்க கதையை அப்புறம் பேசலாம் ஐயா. இன்னும் விடலை நான். முதல்ல அம்மாவுக்குக் கால் பார்க்கணும். வராந்தா கடைசி அறை. மெதுவா வாங்க, நான் போய்ச் சொல்லிட்டு வரேன்.”

வராந்தா நீளமாக இருந்தது. சற்றுமுன்தான் யாரோ துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஈரம் பாதி காய்ந்து, பாதி மினுங்கிக்கொண்டு கிடந்தது. அறையின் வாசற்படியில் மனைவி வழக்கம்போல் நின்று, தோளைச் சற்றுத் தாழ்த்திக் காத்திருந்தாள். அவர் கை அந்தத் தோள்வரை போய்த் திரும்பி வந்தது.

அவளை விட அரை எட்டு முன்னால், அவளுடைய வலது பக்கமாக வந்து நின்றார். இடது குளவி கொட்டியது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கைத்தடியைத் தன் காலுக்கு முன்னால் வைக்காமல் குறுக்கே நீட்டி, அவள் வலது கால் வைக்கவேண்டிய டைல்ஸை இரண்டு முறை தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.