அனஸ்ரேசியா கேட்டு வாங்கிய கைத்துப்பாக்கி

நோர்வேயின் புருசெத்தில் தமிழ்ச் சனம் குடியிருக்கும் அடுக்குமாடிகளில் சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பெண் ஒரே ஒருத்திதான். பெயர் அனஸ்ரேசியா. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, வயது நாற்பத்தாறு. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பதினைந்து வருடமாக வேலை. இதைக் கேட்டு முதலில் சிரிக்காதவர் கிடையாது. முழுக் கதையையும் கேட்டபிறகு சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும்.

2005ஆம் ஆண்டு ஆனி மாதம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். வேலை முடிந்து வந்தவள் தெருவுக்குக் கீழால் போகும் நடைபாதையில் இறங்கினாள். எதிரே வந்த தொப்பிக்காரன் ஒருவன் அவளுடைய கழுத்தில் கையை வைத்தான். ஒரே இழுவை. தாலிக்கொடி அறுந்து அவன் கையோடு போயிற்று. கழுத்தைச் சுற்றி இரத்தக் கோடு. கொடி போன துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவளைத் தின்றது வேறொன்று. கத்துவதற்கு வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நாயோடு வந்த ஒரு நோர்வேக்காரி காணும்வரை சுவரோடு சாய்ந்து குந்திக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவள் தனியே வெளியே போகவில்லை. பஸ் ஓட்டும் கணவன் யோசேப்பு தன் வேலை நேரத்தை மாற்றி அவளை ரயிலடிக்குக் கூட்டிப் போனார், கூட்டி வந்தார். பாலர் வகுப்புப் பிள்ளையைப்போல நாற்பத்தைந்து வயதில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போவதா? ஊரில் ஆமிக்காரனின் வாகனங்களுக்கு நடுவே சைக்கிள் ஓடிப் படித்தவள் அவள். வெட்கம் அவளைப் பிய்த்துத் தின்றது.

அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் தம்பி கபிலன் ரெலிபோனில் வழி சொன்னான்.

"அக்கா, கைப்பைக்குள்ளை அடங்கிற மாதிரிச் சின்னனாய் ஒரு பிஸ்ரல் வாங்குங்கோ. உங்கட கைக்கு இருபத்திரண்டு இல்லாட்டி இருபத்தைஞ்சு காலிபர் காணும். பெரிசெண்டால் உதைக்கும். பாரம் ஒரு றாத்தலுக்குக் கிட்ட இருக்கவேணும். பின்பக்கத்திலை குமிழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதை வாங்கிப்போடாதேங்கோ, அவசரத்துக்கு எடுக்கேக்கை துணியிலை கொழுவும்."

அவள் எல்லாவற்றையும் கோவில் கலண்டரின் பின்புறத்தில் எழுதினாள். ஒரு றாத்தல் எவ்வளவு என்று தெரியவேண்டுமே? அரைக்கிலோ பட்டர் கட்டியைக் கைப்பைக்குள் வைத்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று டக்கென்று வெளியே எடுத்துப் பழகினாள். யோசேப்பு அதைக் கண்டும் காணாதவர்போலக் குசினிக்குள் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை நகரத்தில் துப்பாக்கி விற்கும் கடை ஒன்றுக்குப் போனார்கள். நரைமீசைக் கடைக்காரர் எதற்கு வேண்டும் என்று கேட்டார். அனஸ்ரேசியா ஒளிவுமறைவில்லாமல், "கைப்பைக்குள் வைத்திருக்க. யாராவது வந்தால் சுட," என்று நோர்வே மொழியில் சொன்னாள். அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். அந்தக் காரணத்துக்கு இந்த நாட்டில் யாருக்கும் கைத்துப்பாக்கி கொடுப்பதில்லை என்றும், பொலிஸ் அனுமதி முதலில் வேண்டுமென்றும், விளையாட்டாகச் சுடுபவர்களுக்கென்று கழகங்கள் இருக்கின்றன என்றும் சொல்லி, ஒரு கழகத்தின் முகவரியைக் கடதாசித் துண்டில் எழுதித் தந்தார். தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார் என்று நினைத்து அவள் அதை வாசிக்காமலே பைக்குள் போட்டாள். பொலிஸ் அனுமதி என்ற சொல் மட்டும் காதில் நின்றது. அனுமதிதானே? அதற்கு மகேசன் இருக்கிறார்.

மகேசனை எங்கள் ஆட்கள் மனு மகேசன் என்றுதான் சொல்வார்கள். அகதி முகாமில் இருந்த காலத்தில் ஐம்பது குடும்பத்துக்கு வழக்கு எழுதிக் கொடுத்தவர். ஒன்றுகூடத் தோற்கவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"தங்கச்சி, பயத்தைச் சரியாய் எழுதத் தெரிஞ்சால் நோர்வேயிலை எல்லாம் கிடைக்கும். உயிராபத்து எண்டு ஒரு சொல் விழவேணும். விழுந்தால் அவங்கள் குத்திறதைக் குத்தித் தந்திடுவாங்கள்."

அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? விசாவும் வீடும் அப்படித்தான் கிடைத்தன. புருசெத்தில் ஒவ்வொரு தமிழ் வீட்டு அலுமாரியிலும் பயத்தை எழுதி முத்திரை வாங்கிய கடதாசி இரண்டு மூன்று இருக்கும். கைத்துப்பாக்கிக்கும் அதே வழியில் போகலாமென்று நினைத்தவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். மகேசன் மூன்று பக்கம் எழுதினார். ஒரு கள்ளன் மூன்று கள்ளரானான். வெறுங்கைக்குக் கத்தி முளைத்தது. "மூண்டு பேரோ அண்ணை?" என்று அனஸ்ரேசியா இழுத்தாள். "ஒருத்தனெண்டால் ஆர் பிள்ளை கணக்கெடுப்பாங்கள்?" என்றார். அவள் கையெழுத்து வைத்தாள்.

பதில் ஐந்தே வரியில் வந்தது. நடந்ததற்கு வருந்துகிறோம், ஆனால் தற்காப்பு என்பது கைத்துப்பாக்கி வைத்திருக்க ஏற்கக்கூடிய காரணமல்ல. மகேசனுக்கு அதுதான் முதல் தோல்வி. மேல்முறையீட்டுக்கு இன்னும் ஐந்து பக்கம் எழுதுகிறேன் என்று துள்ளினார். அனஸ்ரேசியா வேண்டாமென்றாள். அவளுக்கு ஆத்திரம் வந்திருந்தது. பையைக் கவிழ்த்துக் கொட்டி அந்தத் துண்டைத் தேடி எடுத்தாள்.

உண்மையைச் சொல்லவேண்டும். அவள் கழகத்துக்குப் போனது கள்ள எண்ணத்தோடுதான். விளையாட்டு என்று சொல்லி வாங்குவது, வாங்கியதைக் கைப்பைக்குள் போடுவது. இதுதான் திட்டம்.

சுடும் இடம், போர் வந்தால் ஒளிப்பதற்கென்று கட்டிய ஒரு நிலவறை. முதல் வெடி கேட்டதுமே அனஸ்ரேசியா நிலத்தில் குந்திவிட்டாள். ஊரில் பங்கருக்குள் இருந்து வெடி கேட்ட உடம்பு, அது தன்பாட்டில் குந்தியது. யாரும் சிரிக்கவில்லை. நிலக்கீழ் ரயில் ஓட்டும் குன்வோர் என்ற பெண்தான் புதியவர்களுக்குப் பழக்குபவள். அவளும் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள். "இங்கே யாரும் யாரையும் சுடுவதில்லை. கடதாசியைத்தான் சுடுகிறோம்," என்றாள். அன்று முழுவதும் அனஸ்ரேசியா ஒரு குண்டும் சுடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனாள்.

அங்கே ஒரு கையை நீட்டிப் பிடித்துத்தான் சுடவேண்டும். திடகாத்திரமான ஆண்களுக்கே பத்தாவது குண்டில் கை ஆடத் தொடங்கும். அனஸ்ரேசியாவின் கை ஆடவில்லை. பதினைந்து வருடமாக அண்டாவிலிருந்து ஒற்றைக் கையால் சூப் அள்ளி அறுபது கோப்பைக்கு ஒரு துளி சிந்தாமல் வார்த்த கை அது. இரண்டாம் மாதம் அவளுடைய குண்டுகள் கறுப்பு வட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. மூன்றாம் மாதம் குன்வோர் அவளுடைய இலக்குக் கடதாசியை எடுத்துக்கொண்டுபோய் மற்றவர்களுக்குக் காட்டினாள். பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு யாரும் அவளைக் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து யோசேப்புவுக்கு மூன்று தரம் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான், செவ்வாய்க்கிழமைகளில் அவர் பின்னேர வேலை என்பதும், இத்தனை கிழமையும் தான் தனியாகவே போய்வந்திருப்பதும் அவளுக்கு உறைத்தது.

அரை வருடம் முடிந்து, சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கழகம் கடிதம் கொடுத்தது. எந்தத் துப்பாக்கி என்று முதலிலேயே தெரிந்து விண்ணப்பத்தில் எழுதவேண்டும். குன்வோரோடு அதே கடைக்குப் போனாள். நரைமீசைக்காரர் ஆறு துப்பாக்கிகளை வரிசையாக எடுத்து வைத்தார். எல்லாம் இருபத்திரண்டு காலிபர். இரண்டின் பிடி நோர்வே ஆண்களின் கைக்குச் செய்தது, விசைக்கு அவளுடைய விரல் எட்டவில்லை. ஒன்றுக்குக் குழல் முனையில் பாரம். இன்னொன்று கையில் நன்றாக இருந்தது, ஆனால் கண்ணை மூடித் திறந்தால் குறி இடதுபக்கம் போய்விடுகிறது. ஐந்தாவதை எடுத்தாள். சின்ன அளவு மரப்பிடி. கையை நீட்டினாள், கண்ணை மூடினாள், திறந்தாள். குறி நின்ற இடத்திலேயே நின்றது. திரும்பவும் செய்து பார்த்தாள். அசையவில்லை.

"இது கைப்பைக்குள் அடங்காதே," என்றார் கடைக்காரர். ஆள் மறக்கவில்லை.

அனஸ்ரேசியா துப்பாக்கியைப் பார்த்தாள். ஒரு கிலோவுக்கு மேலே பாரம், அகப்பை அளவு நீளம். அடங்குமா என்று பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. "அடங்கத் தேவையில்லை," என்றாள்.

இனித்தான் சிக்கல். முதல் விண்ணப்பம் பொலிசாரின் கோப்பில் இருக்கிறது. இரண்டாவதை அனுப்பியதும் நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. மகேசன் வீட்டுக்கே வந்து எச்சரித்தார்.

"மூண்டு பேர் எண்டதை விட்டிடாதை தங்கச்சி. மாத்திச் சொன்னால் பொய்காரி எண்டு எழுதிப்போடுவாங்கள். பிறகு உன்னை நம்பேலாது எண்டு கிளப்பிலையும் வைச்சிருக்க மாட்டாங்கள். இப்பவும் பயமாய்க் கிடக்கெண்டு கொஞ்சம் அழு."

யோசேப்புவும் தலையாட்டினார். "அண்ணை சொல்லுறதிலையும் நியாயம் இருக்கப்பா."

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துப்பாக்கி கிடைக்காவிட்டால் போகட்டும். அந்தச் செவ்வாய்க்கிழமைகள் போய்விட்டால்? திரும்பவும் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டுமே?

பொலிஸ் நிலையத்துக்குத் தனியாகத்தான் போனாள். இளம் அதிகாரி இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"மூன்று பேர், கத்தி என்று முதலாவதில் இருக்கிறது. நடந்த அன்று நீங்கள் பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் ஒருவர்தான் இருக்கிறார். எது சரி?"

"ஒருவன்தான். கத்தி இல்லை," என்றாள் அனஸ்ரேசியா. "மற்றது பொய். எழுதியது யாராக இருந்தாலும் கையெழுத்து என்னுடையது. அப்படிச் சொன்னால்தான் தருவீர்கள் என்று நினைத்தேன்."

அவர் எழுதிக்கொண்டார். பேனை ஓடுகிற சத்தம் அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

"நீங்கள் இதைக் கழகத்துக்கு எடுத்துப் போகும்போது அவன் திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்?"

"துப்பாக்கி வெறுமையாக இருக்கும். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். பெட்டியைத் திறந்து, குண்டு போட்டு, காதுக்கு மூடி போட்டு, கண்ணாடி போட நாலு நிமிடம் வேண்டும். அவன் நிற்பானா?" தன்னை அறியாமலே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "நான் கத்துவேன். அன்றைக்குக் கத்தத் தெரியவில்லை."

"அப்படியென்றால் பயம் போய்விட்டதா?"

"முழுக்கப் போகவில்லை."

"பின்னே எதற்கு உங்களுக்கு இது?"

இருபது வருடத்தில் இந்த நாட்டின் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் அவள் இருந்திருக்கிறாள். ஒவ்வொரு மேசையிலும் தனக்கு இல்லாததையும் முடியாததையும் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். இந்தக் கேள்விக்கு அதில் ஒன்றும் பொருந்தவில்லை. பையிலிருந்து கழகத்தின் புள்ளிப் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்து வைத்தாள்.

"நான் நன்றாகச் சுடுவேன்," என்றாள். "இன்னும் நன்றாகச் சுட விருப்பம்."

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல், அறிவிக்கிறோம் என்றார்.

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தபோது யோசேப்புவோடு மகேசனும் குசினி மேசையில் இருந்தார். மேல்முறையீட்டுக்கு வெள்ளைக் கடதாசியும் ஆயத்தமாகக் கொண்டுவந்திருந்தார். அனஸ்ரேசியா உறையைக் கிழித்து வாசித்துவிட்டு, கடிதத்தை அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"தந்திட்டாங்களே! என்னெண்டு சொன்னனீ, தங்கச்சி? உயிராபத்து எண்டோ?"

"இல்லை அண்ணை. நான் கெட்டிக்காரி எண்டு சொன்னனான்."

"அதை நம்பினவங்களோ?"

"ஓம்," என்றாள் அனஸ்ரேசியா. "கையெழுத்து வைச்சுத் தந்திருக்கிறாங்கள், பாருங்கோ."