காது கொடுத்து வாங்கிய கார்

அந்தத் தெருவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஆனால் டிரைவர் என்று சொன்னால் எல்லோரும் கை காட்டுவது ஒரே ஒரு வீட்டைத்தான். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். பணிமனையில் ஒரு வண்டி சுணங்கினால் மெக்கானிக்குகளே அவரைத் தேடி வருவார்கள். அவர் பானெட்டைத் திறக்க மாட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, யாரோ ரகசியம் சொல்வதுபோல ஒரு நிமிஷம் கேட்பார். "ஃபேன் பெல்ட் இல்லப்பா, தண்ணி பம்ப். கழட்டிப் பாரு" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுதான். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதை இவர் வெறும் காதால் கேட்கிறார் என்று பணிமனையில் பேசிக்கொள்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ளாத மாதிரி காட்டிக்கொள்வார்.

ஐம்பத்தேழாவது வயதில் சர்க்கரை நோய் அவர் கண்ணில் கை வைத்தது. முதலில் இடது கண், எட்டு மாதத்தில் வலது. வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும், அவ்வளவுதான். வேலையிலிருந்து விடுவித்து அனுப்பினார்கள்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணியறையில் வேலை. வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து வார்டு வார்டாக அனுப்ப வேண்டும். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அதனால் பகல் முழுக்க டிரைவர் வீட்டில் தனியாக இருப்பார். சாயங்காலம் அவள் வந்து கதவைத் திறக்கும்போது, காலையில் உட்கார்த்திவிட்டுப் போன நாற்காலியில் அப்படியே இருப்பார். "சாப்பிட்டீங்களா?" என்றால் "ம்". "ரேடியோ கேட்டீங்களா?" என்றால் அதற்கும் "ம்".

ஒரு விடுமுறை நாளில் அவள் அதைக் கவனித்தாள். தெருமுனையில் ஏதாவது வண்டி பிரேக் போட்டால், நாற்காலியில் இருக்கும் மனிதரின் வலது கால் தரையை அழுத்தியது. அவருக்கே அது தெரிந்த மாதிரி இல்லை. அவள் கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றாள். அந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் டிரைவர்.

"நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காந்து திட்டுங்க. அது ஒண்ணுதான் உங்களுக்கு நல்லா வருமே."

அன்றிலிருந்து வீட்டில் பாடம் நடந்தது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மூன்று செருப்புகளை வரிசையாக வைத்து, இது கிளட்ச், இது பிரேக், இது ஆக்சிலரேட்டர் என்றார். "கிளட்ச்சை வெடுக்குன்னு விடாதே. தூங்குற குழந்தை தலைக்கு அடியிலேருந்து கையை எடுக்குற மாதிரி எடு." முதல் தடவை லைசென்ஸ் தேர்வில் அவள் கோட்டை விட்டாள். இரண்டாம் தடவை தேறினாள். அட்டையை அவர் கையில் கொடுத்தபோது, அதன் ஓரங்களைத் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் வரை திருப்பித் தரவில்லை.

இனி கார் வேண்டும். புதிய கார் அவர்கள் கைக்கு எட்டாது. பழைய கார் விற்கும் ஒரு கடை ஊருக்கு வெளியே பெரிய சாலையில் இருந்தது. கண்ணாடி அறை, குளிர்சாதனம், மேஜைமேல் பிளாஸ்டிக் பூ. வெளியே தகரக் கூரையின்கீழ் துடைத்து மினுக்கிய கார்கள் வரிசையாக நின்றன. வியாபாரிக்கு நாற்பது வயதிருக்கும். வாயைத் திறந்தாலே உறவு கொண்டாடுபவர்.

"அக்கா, உங்களுக்குன்னே எடுத்து வச்ச மாதிரி ஒண்ணு இருக்கு. ஒரே ஓனர். அதுவும் ஒரு டீச்சர். ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் தவிர வேற எங்கயும் போகாத வண்டி."

நீல நிறச் சின்னக் கார். மீட்டரில் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் காட்டியது. மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வந்து பார்த்துட்டுச் சொல்றோமே தம்பி."

"தாராளமா கூட்டிட்டு வாங்க. நான் வேண்டாம்னு சொல்லுவேனா?" என்றவர், டிரைவர் பக்கம் திரும்பினார். "அண்ணன் என்ன வேலை பார்த்தாரு?"

"பஸ் டிரைவர். முப்பத்தொரு வருஷம்" என்றார் டிரைவர்.

"அட, என்னக்கா நீங்க! முப்பத்தொரு வருஷம் வண்டியோட குடும்பம் நடத்தின மனுஷனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எவனோ ஒரு மெக்கானிக்கைத் தேடுறீங்களே! அண்ணே, நீங்களே கேட்டுச் சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா நானே விக்க மாட்டேன்."

டிரைவரின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். இரண்டு வருஷமாக யாரும் அவரை எதைப் பற்றியும் கேட்டதில்லை. மாத்திரை போட்டீர்களா என்று கேட்பார்கள், பாத்துப் போங்க என்பார்கள். இப்போது ஒருவர் தீர்ப்புக் கேட்கிறார். டிரைவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் பானெட்மேல் கை வைத்தார்.

"சூடா இருக்கே?"

"இப்பத்தாண்ணே பெட்ரோல் போட்டுட்டு வந்தோம்" என்றார் வியாபாரி. சாவியைத் திருப்பினார். டிரைவர் தலையைச் சாய்த்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். "கொஞ்சம் மிதிங்க" என்றார். "விடுங்க" என்றார். இன்ஜின் நெய் விட்டாற்போல ஓடியது.

வியாபாரி இறங்கியதும் மனைவி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கால் விரிப்பு புத்தம் புதியது. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் ஒரு மூலையில் தேய்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. டிரைவிங் ஸ்கூல் கார் காலை முதல் மாலை வரை ஓய்வில்லாமல் ஓடும் வண்டி; அதன் மிதிகூட இப்படித் தேய்ந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் போன காரா இது? அவள் இறங்கிவந்து வாயைத் திறந்தாள்.

"நல்ல குரல்" என்று சொல்லி டிரைவர் சிரித்தார். வாய்விட்டு, பல் தெரிய. "எடுத்துக்கலாம்மா."

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

முதல் மூன்று வாரம் அந்த வீட்டில் விடிந்ததே வேறு மாதிரி இருந்தது. டிரைவர் அவளுக்கு முன்னால் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருப்பார். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவாள், அவர் பக்கத்தில். அங்கே துணியறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து தலையணை உறை மடிக்கக் கற்றுக்கொண்டார். போகிற வழியெல்லாம் ஏச்சுத்தான். "மூணாவது கியர் எதுக்கு இருக்கு, அழகு பாக்கவா?" "பின்னாடி லாரி வர்றது கேக்கலையா? ஒதுங்கும்மா." அவள் வேண்டுமென்றே தப்பாக கியர் போட்ட நாளும் உண்டு.

நாலாவது வாரம், ஒரு காலை, பாலத்து ஏற்றத்தில் கார் ஒரு முறை உலுக்கியது. அடியில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி சத்தம். பிறகு சத்தமே இல்லை. பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் டிரைவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார், தள்ளுவதற்கு.

"இறங்காதீங்க! அந்தப் பக்கம் வண்டி வருது!"

காரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனவரை உரசுவதுபோல ஒரு வேன் கடந்தது. வேன்காரன் தலையை நீட்டி, "குருட்டுப் பய, சாகத்தான் வந்தியா?" என்று கத்திவிட்டுப் போனான். டிரைவர் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டு பேர் வந்து காரைத் தள்ளி ஓரங்கட்டினார்கள். மூன்றாவது ஆள் அவர் கையைப் பிடித்து நடைபாதையில் விட்டான்.

பழைய பணிமனை மெக்கானிக் ஒருவர், இப்போது சொந்தமாகக் கடை வைத்திருப்பவர், இன்ஜினைப் பிரித்தார். அடியிலிருந்த ஆயிலை விரலில் தொட்டு நூல் மாதிரி இழுத்துக் காட்டினார். பிறகு, பார்க்க முடியாதவரிடம் காட்டுகிறோமே என்று நினைவு வந்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, தேன் மாதிரி கெட்டியா ஒரு சரக்கை ஆயில்ல கலந்திருக்கான். கொஞ்ச நாளைக்கு எந்தச் சத்தமும் வெளிய வராது. உள்ள பேரிங் எல்லாம் போயே போச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓடவிட்டு சூடு பண்ணியும் வச்சிருப்பான்." கதவு இடுக்கில் ஒட்டியிருந்த ஒரு பழைய சர்வீஸ் சீட்டையும் சுரண்டி எடுத்தார். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. அன்றைக்கே வண்டி ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது.

இருவரும் கடைக்குப் போனார்கள். கண்ணாடி அறையில் வேறொரு குடும்பம் கார் பார்க்க வந்திருந்தது. வியாபாரி இன்றைக்கும் அக்கா, அண்ணே என்றுதான் ஆரம்பித்தார். சீட்டைக் காட்டியதும் குரல் மாறியது.

"பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும். இருக்குற நிலையில எடுத்துக்குறோம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுவும் அண்ணன்தானே காது வச்சுக் கேட்டு, நல்ல குரல்னு சொல்லி எடுத்தாரு? நானா எடுக்கச் சொன்னேன்? கேளுங்க அவரையே."

மனைவி பதிலுக்குப் பிடித்துக்கொண்டாள். மீட்டரைத் திருப்பினது யார், டீச்சர் எந்த ஸ்கூல், ஆயிலில் கலந்தது என்ன என்று அவள் குரல் உயர்ந்தது. டிரைவர் அவள் முழங்கையைத் தொட்டார்.

"அவர் சொல்றது சரிதான். நான்தான் சொன்னேன். வா, போகலாம்."

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நாற்காலிக்கே திரும்பிப் போனார். முன்பாவது "ம்" என்பார். இப்போது அதுவும் குறைந்தது. பழைய மெக்கானிக் ஒருநாள் வேண்டுமென்றே ஒரு காரை வாசலில் நிறுத்தி, "அண்ணே, இது ஏதோ முனகுது, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். டிரைவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

மனைவியால் அப்படி விட முடியவில்லை. நுகர்வோர் மன்றத்தில் புகார் எழுதிக்கொடுத்தாள். கார் அவர் பெயரில் இருந்ததால் முதல் புகார்தாரர் அவர், இரண்டாவது அவள். அவள் விரலைப் பிடித்துக் காட்டிய இடத்தில் பேனாவை வைத்துக் கையெழுத்திட்டார். ஆனால் விசாரணைக்கு வர மாட்டேன் என்றார்.

"பத்துப் பேர் முன்னாடி நின்னு, எனக்குக் காதும் போச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

அன்று சாயங்காலம் அவள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை மாதம் நெஞ்சில் முள்ளாக வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அந்த பிரேக் மிதி தேஞ்சு கிடந்துச்சுங்க. இரும்பு தெரிஞ்சுது. நான் அன்னிக்கே பார்த்தேன்."

அவர் முகம் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. "ஏன் சொல்லல?"

"நீங்க சிரிச்சீங்க."

அவர் கை அவள் தலையைத் தேடி வந்து, உச்சியில் நின்றது. "ரெண்டாவது நாள் காலையில, குளிர்ந்த இன்ஜினை நீ ஸ்டார்ட் பண்ணப்பவே எனக்குக் கேட்டுச்சு. டக் டக்னு. ஒரு நிமிஷம்தான், அப்புறம் அடங்கிடுச்சு. அன்னிக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாம்."

"நீங்க ஏன் சொல்லல?"

"நல்ல குரல்னு சொன்ன வாயால எப்படிச் சொல்றது? அப்புறம், நீ வேற பாட்டுப் பாடிக்கிட்டு ஓட்டினே."

அவள் அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். அவரும் அழுதார், கண்ணிலிருந்து நீர் வருவதற்குப் பார்வை தேவையில்லை. அடுத்த விசாரணைக்கு வருகிறேன் என்று சொன்னார். சொன்னபடியே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தார். வியாபாரியின் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று ஒத்திவைத்தார்கள். அடுத்த தேதி இரண்டு மாதம் தள்ளி.

அந்தத் தேதிக்குப் பதினோரு நாள் முன்னால், காலையில் முகம் கழுவப் போனவர் குழாயடியில் சரிந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரியில், அவள் மடித்து அனுப்பிய விரிப்பு ஒன்றில்தான் அவரைக் கிடத்தினார்கள்.

மன்றத்தில் எழுத்தர் அவர் பெயரின்மேல் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினார். அவள் மட்டும் போய் வந்தாள். மெக்கானிக் வந்து சாட்சி சொன்னார். நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அவள் பக்கம்தான் தீர்ப்பு. நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாள்களை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டாள். அதையே மறுபடி மறுபடி படித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் போன் செய்தாள். "என்னம்மா ஆச்சு?"

"ஜெயிச்சாச்சு. இரு, ஒண்ணு படிக்கிறேன் கேளு." தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். "'வாகனத்தின் குறை வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருந்ததால், நீண்ட அனுபவமுள்ள ஓட்டுநராலும் அதைக் கேட்டுக் கண்டுபிடித்திருக்க இயலாது என இம்மன்றம் கருதுகிறது.' கேட்டியா? அப்பாவால முடிஞ்சிருக்காதாம். யாராலயும் முடிஞ்சிருக்காதாம். ஜட்ஜே எழுதியிருக்காரு."

மறுமுனையில் மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "பணம் எப்பம்மா கொடுப்பாங்களாம்?" என்றாள்.

அவள் தாளைப் புரட்டினாள். மூன்றாவது பக்கம் இருந்தது. அதை அவள் இன்னும் படிக்கவே இல்லை.