சந்தனம் வைத்த பட்டன்

கடலூரில் என் வீட்டு மேசைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது. வெள்ளையாக இருந்து பழுப்பேறிப் போனது. அதன் பவர் பட்டனைச் சுற்றிய இடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு இன்னும் தெரியும். அழுக்கு என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சந்தனம். என் அண்ணி வைத்தது.

அண்ணன் துபாய்க்குப் போன பிறகு, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவன் ஆரம்பித்திருந்த டைப்பிங் சென்டரை அண்ணிதான் எடுத்து நடத்தினார். படிப்பு முடிந்த கையோடு நானும் அங்கே டைப் அடிக்கப் போய்விட்டேன். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கடையில் இருந்தால் என்னென்ன நடக்குமோ அத்தனையும் நடந்தது. ஆனாலும் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வாய்விட்டுத் திட்டுவார், அடுத்த நொடியே வாய்விட்டுச் சிரிப்பார். மெஷின்களோடு பேசவும் செய்வார். "ராஜா, சீக்கிரம் எழுந்திரு, அவுங்க பஸ்ஸ புடிக்கணும்" என்று அவர் கெஞ்சுவதைக் கேட்டு, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஆயுத பூஜை வந்தால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பார். வைக்கும் இடம் பவர் பட்டன். "மானிட்டர் மேல வைங்களேன் அண்ணி" என்றால், "எங்க தொட்டா அது முழிச்சிக்குதோ அதான் அதோட நெத்தி" என்பார். வைத்த பொட்டு தானாக உதிர வேண்டும், யாரும் துடைக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். அந்த வருஷம் மற்ற மெஷின்களுக்கு ஆளுக்கொரு துளி வைத்தவர், எங்களுக்குச் சோறு போட்ட பெரிய மெஷினுக்கு மட்டும் பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பிவிட்டார்.

மறுநாள் காலை மறுபூஜை முடித்து அதை ஆன் செய்தோம். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் எழுத்து வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மறுபடி அழுத்தினோம், மறுபடியும் அதே கதை. வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த கிறிஸ்தவப் பெண். அவளுடைய எம்.ஃபில். ஆய்வேடு முழுவதும் அந்த மெஷினுக்குள் இருந்தது. அவள் ஃப்ளாப்பியில் ஏற்றி வைத்திருந்ததோ முதல் அத்தியாயம் மட்டும். அடுத்த நாள் மதியத்துக்குள் கொடுத்தால்தான் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சொல்லி வைத்திருந்த வேலை அவளுக்குக் கிடைக்கும்.

அண்ணி பிளக்கை மாற்றினார். யு.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகினார். பக்கத்து மெஷினின் வயரைப் பிடுங்கி இதற்கு மாட்டினார். மெக்கானிக் லீவுக்குச் சேத்தியாத்தோப்பு போயிருந்தார். போனில், "ரேம கழட்டி ரப்பர் வச்சி தேய்ங்க" என்றார். பக்கவாட்டு மூடியைத் திறந்து, ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் பளபளக்கத் தேய்த்து மாட்டினோம். அப்போதும் அதே கதைதான். "ஹார்டு டிஸ்க்க வேற மெஷின்ல போட்டு எடுத்துடலாம். நீங்க தொடாதீங்க, நாளைக்கு சாயந்தரம் வரேன்" என்றார் அவர். சாயந்தரம் வந்து என்ன பிரயோஜனம்? அந்தப் பெண் சத்தமே இல்லாமல் அழுதாள். அண்ணி பொரிந்து தள்ளிய திட்டு முழுவதும் என் தலையில் விழுந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் மெல்ல எழுந்து வந்தாள். "அக்கா, கோச்சிக்காதீங்க. அந்த பட்டன் உள்ள போனது வெளிய வரல போலருக்கு. காலையிலேயே பாத்தேன். சாமிக்கு வச்ச பொட்டு, நான் போயி துடைக்க சொன்னா நல்லாருக்குமான்னு..." என்று இழுத்தாள். அண்ணி அவளைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். காய்ந்து இறுகிய சந்தனம் பட்டனைக் கவ்விப் பிடித்திருந்தது. பட்டனை விடாமல் அழுத்தினால் மெஷின் அணைந்துவிடும்; யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பதாக அது நினைத்திருக்கிறது, பாவம். நாங்கள் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிப் பார்த்தோம், பொட்டு இருந்த இடத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"அடிப்பாவி, இத சொல்றதுக்கா காலையிலேர்ந்து அழுதுகினு உக்காந்திருந்த?" என்று அண்ணி புடவைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்தார். ஒரு கணம் தயங்கினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், துடைத்தார். டிக் என்று பட்டன் வெளியே வந்தது. மெஷின் எழுந்தது. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அண்ணியும் ஒரு மூச்சு அழுதார்.

வேலை கிடைத்த பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவள் பொரி வாங்க வந்துவிடுவாள். அண்ணி பொட்டைப் பட்டனுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, "சரியாம்மா, பாத்து சொல்லு" என்று அவளிடம்தான் கேட்பார்.

கடையை மூடி வருஷங்கள் ஆயின. போன வருஷம் அண்ணியும் தவறிவிட்டார். அந்தப் பெரிய மெஷினின் பெட்டியை நான் கேட்டு வாங்கி வந்தேன். கொண்டுவந்த அன்றே ஈரத் துணியால் பட்டனை மட்டும் துடைத்துவிட்டு அழுத்தினேன். பட்டன் ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தது. ஃபேன் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை. ரிப்பேர் கடையில் காட்டியதற்கு, மதர்போர்டு போய்விட்டது, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை.

இந்த ஆயுத பூஜைக்கு அதை மேசைமேல் தூக்கி வைத்துப் பன்னீரில் சந்தனம் குழைத்தேன். விரல் பழக்கத்தில் பட்டனுக்குப் பக்கத்தில் போனது. இனி எதற்குத் தள்ளி வைக்க வேண்டும்? அதன் நெற்றியிலேயே வைத்தேன், தாராளமாக.