லிஃப்ட் ஓட்டெடுப்பில் மூன்றாவது வட்டம்

இன்ஜினியரிங் படிக்கும்போது கிரெடிட் குறைந்ததால் எடுத்த ஒரே கலைப்பாடம் அரசியல் தத்துவம். ஒரு பட்டியலைத் தவிர எல்லாம் மறந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க ஜனநாயகத்தைப் பற்றியே எழுதிய ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் ஐந்து சோதனைகள் அவை: எல்லாராலும் பேச முடிகிறதா, ஓட்டுகள் சமமா, விவரம் தெரிந்து போடுகிறார்களா, எதை ஓட்டுக்கு விடுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள், யாராவது விடுபட்டார்களா. மயிலாப்பூர் வாடகை வீட்டு ஃபிரிட்ஜில், மளிகைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எங்கள் அபார்ட்மென்ட் செகரட்டரி மாமாவைப் பொறுத்தவரை, தரமணியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் நான் ஆன்லைனில் ஓட்டு ஃபார்ம் செய்யத் தெரிந்தவள்.

"லிஃப்ட் விஷயமா ஓட்டு எடுத்துடலாம்மா. டெமாக்ரடிக்கா இருக்கட்டும்."

கேள்வியையும் அவரே அனுப்பினார். வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு லிஃப்டில் தடை காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா?

கச்சிதமாகச் செய்தேன். வீட்டுக்கு ஒரு ஓட்டு, இரண்டாம் முறை போட்டால் ஏற்காது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை என்பதால் எனக்கும் இல்லை. அதுகூட உறுத்தவில்லை.

மறுநாள் எங்கள் வீட்டுச் சமையல் அக்காவிடம் ஃபோனில் அந்த ஃபார்மைக் காட்டினேன். அவருக்கு மூட்டுவலி, எங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இல்லையென்றால் அவர் வேலையை விடவேண்டியதுதான்.

"இன்னாம்மா இது? காலைலன்னு ஒரு ரவுண்டு கீது, நாள் பூராவும்னு ஒரு ரவுண்டு கீது. லிஃப்ட்ல போலாம்னு சொல்றவங்க எங்க போடறது?"

"அது... இல்லக்கா."

"இத்த செய்யத்தான் காலேஜு போனியா?" சாம்பாரைக் கிளறிக்கொண்டே சிரித்தார்.

ஃபிரிட்ஜைப் பார்த்தேன். நான்காவது வரி: எதை ஓட்டுக்கு விடுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள். பால் எடுக்கும்போதெல்லாம் படித்த வரிதான்.

நேராக மாமா வீட்டுக்குப் போனேன். "மாமா, தடையே வேண்டாம்னு இன்னொரு ஆப்ஷன் சேர்க்கணும்."

"அதெல்லாம் கமிட்டில பேசி முடிச்சாச்சும்மா. நீ டெக்னிக்கல் மட்டும் பாத்துக்கோ."

"டெக்னிக்கலாத்தான் சொல்றேன் மாமா. ஃபார்ம் தப்பு. இதை அனுப்ப மாட்டேன்."

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "சேர்த்துடுங்கோளேன். நம்மாத்துக்கு வரவ மூணு மாடி ஏறிண்டு வந்தா, பாத்திரம் நீங்க தேய்ப்பேளா?"

"சரி, சேத்துடும்மா" என்றார் மாமா. மூன்றாவது வட்டம் சேர்ந்தது. ஞாயிறு மாலை அதுவே ஜெயித்தது, நாலே ஓட்டு வித்தியாசத்தில்.

திங்கள் காலை அக்கா லிஃப்டில் வந்து இறங்கினார்.

"ஜெயிச்சிட்டமா?"

"ஜெயிச்சிட்டோம்க்கா."

"நீ எதுல போட்ட?"

"எனக்கு ஓட்டே இல்லக்கா."

"அட, உனுக்குமா!" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார்.