படர்தாமரைக்கு ஒரு எஸ்.டி.டி.

கல்யாணமாகி நான் புதுப்பட்டினத்துக்கு வந்த வருஷம், மழை முடிந்தும் புழுக்கம் போகவில்லை. கொடியில் போட்ட துணியைத் தொட்டால் பிசுபிசுக்கும். என் கணவர் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படுகிறவர் இல்லை. பாதி ஈரத்தோடு டெரிகாட்டன் பேன்ட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

கொஞ்ச நாளாக, சாயங்காலம் வீடு திரும்பியதும் கதவு மறைவில் நின்று சொறிய ஆரம்பித்திருந்தார். யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கை. வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்; பார்க்காமலிருக்க எனக்கு வேறு வேலை வேண்டுமே.

கேட்டால் "உஷ்ணம்" என்பார். இளநீர் வாங்கிக் குடிப்பார். பிறகு ஒருநாள் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒரு களிம்பு டியூப் என் கண்ணில் பட்டது. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்று பொதுவாகக் கேட்டு வாங்கினாராம். தடவியதும் அரிப்பு அடங்கியதில் அவருக்குத் தன் வைத்தியத்தின் மேல் ஏகப் பெருமை. டியூப் தீர்ந்தது, அரிப்பு திரும்ப வந்தது. இன்னொரு டியூப் வாங்கினார். இந்த முறை அது தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறியது.

என் அக்கா திருநெல்வேலியில் டாக்டர். "அக்காட்ட கேப்போமே" என்றேன்.

"மதினிகிட்ட போய் இதை எப்படிச் சொல்ல?"

"அப்போ இங்கேயே ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க."

"அவரு முன்னால எப்படிக் காட்ட?"

சொல்லவும் மாட்டார், காட்டவும் மாட்டார். வைத்தியத்தில் மூன்றாவது வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கடைசியில், போனில் முகம் தெரியாது என்ற ஒரே சௌகரியத்துக்காகச் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைத்தெருவில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். அதை ஓர் அம்மாள் நடத்திவந்தாள். உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்து, கண்ணாடிக் கூண்டின் கதவு பாதிக்கு மேல் மூடாது. வெளியே பெஞ்சில் ஒரு மீனவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

என் கணவர் ரகசியம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். "மதினி, என் சிநேகிதர் ஒருத்தருக்கு ஒரு சின்னப் பிரச்சினை."

"தம்பி, ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லுங்க," என்றாள் அக்கா. அவள் பேசுவது கூண்டைத் தாண்டி எனக்கே கேட்டது. அக்கா குரலுக்குப் போனே தேவையில்லை என்று அப்பா சொல்வார்.

"தொடை இடுக்குல அரிப்பு மதினி," என்று கத்தினார். தெருவில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தச் சிநேகிதரையே பேசச் சொல்லுங்களேன்."

அவர் மூடாத கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "நான்தான் மதினி," என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. வரிசையாகக் கேள்வி கேட்டாள். வட்டமாக இருக்கிறதா, ஓரம் தடித்துச் சிவந்து நடுவில் தெளிந்திருக்கிறதா, வேர்த்தால் அரிப்பு கூடுகிறதா, என்ன தடவினார். எல்லாவற்றுக்கும் அவர் கத்தியே பதில் சொன்னார்.

"படர்தாமரைதான். அந்த டியூபைத் தூக்கிப் போடுங்க. அது அரிப்பை அமுக்கிட்டுப் பூஞ்சையை நல்லா வளக்கும்."

பெஞ்சிலிருந்த மீனவர் இரக்கப்பட்டு எட்டிப் பார்த்தார். "படர்தாமரையா சார்? கெரசின் தடவு, ஓடிடும்."

"யாரது கெரசின் சொல்லுதது? அவர்ட்ட போனைக் குடுங்க," என்றது அக்காவின் குரல்.

மீனவர் ரிசீவரை இடது கையால் வாங்கி, ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தோல் வெந்து போவதைப் பற்றிய முழுப் பிரசங்கத்தையும் கேட்டார். "சரி டாக்டரம்மா, சரி டாக்டரம்மா."

அதற்குள் பூத்துக்கார அம்மாள் கல்லாவிலிருந்தபடியே சொன்னாள்: "அண்ணாத்த, லைன்ல டாக்டரு கீறாங்க. உன் கைய பத்திக் கேளேன். ராவெல்லாம் ஜுரம்னு இப்பத்தான சொல்லிக்கினு இருந்த?"

"அது கெளுத்தி முள்ளு குத்திச்சு. தானா பூடும்."

அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. துணியை அவிழ்த்துப் பார்த்து என்னவென்று சொல்லச் சொன்னாள். என் கணவர் அவிழ்த்தார். விரல் வீங்கி, தோல் இழுபட்டுப் பளபளத்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. அதைச் சொன்னதும் அக்காவின் குரல் இறங்கிவிட்டது. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"தம்பி, உங்களோடது களிம்பு தடவுனா போகுதது. இது வேற. சீழ் உள்ள ஏறுது. இப்பவே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு சொல்லக் கூடாது."

"இன்னாத்துக்கு சார் பேஜாரு," என்று மீனவர் முனகினார். என் கணவர் அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பூத்துக்கார அம்மாள் அவர் வீட்டுக்குத் தகவல் சொல்ல ஆள் அனுப்பினாள். பாதியில் நின்ற வைத்தியத்தை நான் போனில் கேட்டுக்கொண்டேன். பூஞ்சைக் களிம்பை வட்டத்துக்கு வெளியேயும் சேர்த்துத் தடவ வேண்டும், தனித் துண்டு, காய்ந்த பருத்தித் துணி, மறைந்த பிறகும் இரண்டு வாரம் நிறுத்தக் கூடாது.

சாயங்காலம் கணவர் களைத்துப்போய் வந்தார். விரலைக் கீறிச் சீழை எடுத்து, ஊசி போட்டு, வார்டில் படுக்க வைத்துவிட்டார்களாம். போகும்போது பஸ்ஸில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டியிருந்ததாம். அரிப்பு உச்சத்தில் இருந்ததாம். அவர் சொன்னதிலேயே பெரிய தியாகமாக எனக்குப் பட்டது அதுதான்.

மீனவர் சில நாளில் வீடு திரும்பினார். என் கணவர் ஒரு மாதம் ஜட்டிக்கெல்லாம் இஸ்திரி போட்டு, சொன்னபடி தடவிக் குணமானார். ஆனால் அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னால் அக்காவோடு நிம்மதியாக ஊர்க்கதை பேச முடியவில்லை. பேச ஆரம்பித்ததும் பூத்துக்கார அம்மாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள்.

"டாக்டரம்மாவ கேளு கண்ணு. புள்ளைக்குக் காது வலிச்சிக்கினே கீது."

"காதுக்குள்ள எனக்கு இங்கேருந்து தெரியாதுன்னு சொல்லுடி," என்றாள் அக்கா. "காய்ச்சல் இருக்கான்னு மட்டும் கேளு."